ஒலிபெருக்கிகளை வாசிப்பவர்கள்

தோ பாயோ லோரோங் 8இல் இருக்கும் ஸ்ரீ வைரவிமட காளியம்மன் ஆலயத்தைப் போன்ற ஒரு கோயிலில் சாமி உட்பிராகாரம் சுற்றி வரும்போது, மண்டபத்தில் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பவர் காதில் நாகஸ்வரம் ஒரே மாதிரி விழுவதில்லை. சந்நிதிக்கு எதிரே நேராகப் பாயும் ஒலி, கருவறைக்குப் பின்னால் போனதும் கூர்மை இழந்து சுவரில் பட்டு வரும். சீவாளியின் கரகரப்பு மறைந்து சுரம் மட்டும் மிஞ்சும். தவிலில் வலந்தலையின் கணீர் என்ற ஓசை முதலில் மங்கும். தொப்பியின் கனத்த அதிர்வு தூண்களைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். வாசிப்பவர் எதையும் மாற்றவில்லை. இடம் மாற்றியிருக்கிறது.

ஒலி எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தொலைவில் நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பவற்றைச் சுரம், தாளம் போலவே இசையின் உறுப்புகளாகக் கையாளும் கலை ஒன்று கடந்த எழுபது ஆண்டுகளாக வளர்ந்து வருகிறது. நாடாவிலோ கணினியிலோ உருவாக்கிய மின்னொலி இசையைப் பல ஒலிபெருக்கிகள் வழியே அரங்கில் நேரடியாகப் பரத்துவது அந்தக் கலை. மேடையில் பாடகர் இல்லை, பக்கவாத்தியம் இல்லை. அரங்கின் நடுவே ஒரு மிக்ஸர், அதன் பின்னால் ஒருவர், சுற்றிலும் எட்டு, பதினாறு, சில சமயம் நூறு ஸ்பீக்கர்கள். இதற்கு வேண்டிய கருவியும் அறிவும் சிங்கப்பூரில் இருக்கின்றன. இதற்குப் பழகிய காது தமிழர்களிடம் இருக்கிறது. இரண்டும் இன்னும் சரியாகச் சந்திக்கவில்லை. இதுவே இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது.

தொடக்கம் பாரிஸ். 1951இல் பிரெஞ்சு வானொலியில் பியேர் ஷெஃபரின் குழுவில் இருந்த பொறியாளர் ஜாக் புல்லன் ஒரு கருவி செய்தார். வாசிப்பவரைச் சுற்றிப் பெரிய கம்பிச்சுருள் வளையங்கள் நிற்கும். அவர் கையில் ஒரு சிறிய கம்பிச்சுருள். அதை எந்த வளையத்தின் பக்கம் கொண்டுபோகிறாரோ அந்த ஒலிபெருக்கியில் ஒலி ஓங்கும்: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, தலைக்கு மேல் ஒன்று. அவையோர் பார்க்க, கையை வீசி ஒலியை நகர்த்தினார்கள். இந்தத் துறையின் ஆகச் சிறந்த எண்ணம் அதன் முதல் கருவியிலேயே இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது: ஒலி நகர வேண்டுமானால் அதை ஒரு மனிதக் கை நகர்த்த வேண்டும், அதை நாம் பார்க்கவும் வேண்டும்.

ஜெர்மானியர் வேறு வழியில் போனார்கள். கொலோன் வானொலி நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் 1956இல் அரங்கேற்றிய படைப்பு, ஒரு சிறுவனின் குரலையும் மின்னணு ஒலிகளையும் ஐந்து ஒலிபெருக்கிக் குழுக்களுக்குப் பகிர்ந்து கொடுத்தது. 1960இல் முடித்த 'கொன்டாக்டே'க்காக அவர் ஒரு ஸ்பீக்கரைச் சுழலும் மேசையில் வைத்துக் கையால் சுற்றி, நான்கு பக்கமும் வைத்த மைக்குகளில் பதிந்தார். இங்கே நகர்வு இசையமைப்பின்போதே நாடாவில் உறைந்துவிடுகிறது. இதற்கிடையே 1958 பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனத்தின் கூடத்தை லெ கார்பூசியேவின் அலுவலகத்தில் பணிபுரிந்த இயானிஸ் செனாக்கிஸ் வடிவமைத்தார். அதன் வளைந்த சுவர்களில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஒலிபெருக்கிகள். எட்கார் வரேஸின் எட்டு நிமிட இசை அவற்றின் வழியே பாதை போட்டு ஓடியது. 1970இல் ஒசாகா கண்காட்சியின் ஜெர்மன் கூடம் ஒரு கோளம். அவையோர் ஒலி ஊடுருவும் தளத்தில் அமர, மேலும் கீழும் சுற்றிலும் ஒலிபெருக்கிகள். இந்தியாவிலும் அதே காலத்தில் ஒரு பொறி விழுந்தது. 1969இல் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சின்தசைசரோடு ஒரு மின்னணு இசைக்கூடம் அமைத்தார். சில ஆண்டுகளில் அது அணைந்துபோனது நமக்கு இழப்பு.

1974இல் பிரான்சுவா பேல் பாரிஸில் தொடங்கிய 'அகுஸ்மோனியம்' புல்லனின் கைக்குத் திரும்பியது. ஒரே மாதிரி ஸ்பீக்கர்களை வட்டமாக வைக்காமல், பெரியது, சிறியது, கனத்த ஒலி தருவது, கீச்சொலி மட்டும் தருவது எனப் பல வகை ஸ்பீக்கர்களை மேடையிலும் அரங்கிலும் வாத்தியக்குழு போல நிறுத்தினார்கள். 1982இல் ஜான்டி ஹாரிசன் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 'பீஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அங்கு பயன்படும் அடிப்படை முறை எளிமையானது: நாடாவில் இருப்பது இரண்டு தடம் மட்டுமே. முன்னால் நெருக்கமாக ஒரு ஜோடி, பக்கவாட்டில் அகலமாக ஒரு ஜோடி, மேடையின் ஆழத்தில் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி. கூரையிலிருந்து சின்னஞ்சிறு ட்வீட்டர்கள் கொத்தாகத் தொங்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஃபேடர்கள். இசை நெருங்க வேண்டிய இடத்தில் மிக்ஸரில் இருப்பவர் ஆழத்து ஜோடியை இறக்கி முன்ஜோடியை ஏற்றுவார். ஒரு பெருவெடிப்புக்கு முந்தைய நொடியில் எல்லாவற்றையும் இறக்கி, ஒரே ஜோடியில் மெல்லிய இழையாக விட்டு, பிறகு பத்து விரலாலும் தள்ளுவார். அதே படைப்பு அடுத்த ஊரில், அடுத்த அரங்கில் வேறு மாதிரி அமையும். ஒரே கீர்த்தனையை இரண்டு வித்வான்கள் இரண்டு விதமாக விரிப்பதற்கு நிகரானது இது.

ஏன் இத்தனை பாடு, இரண்டு ஸ்பீக்கர் போதாதா? இங்கே காதின் இயல்பு குறுக்கிடுகிறது. ஒரே ஒலி இரண்டு ஸ்பீக்கரிலிருந்து வந்தால், எது முதலில் காதை எட்டுகிறதோ அங்கிருந்துதான் எல்லாமே வருவதாக மூளை முடிவு செய்துவிடும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்கு மற்றதைவிட மூன்று மீட்டர் அருகில் உட்கார்ந்தாலே அதன் ஒலி சுமார் 9 மில்லிநொடி முன்னதாக எட்டிவிடும், மற்றப் பெட்டி இல்லாததுபோல் ஆகிவிடும். வீட்டில் நடு நாற்காலியில் கேட்ட அழகான இடவமைதி ஐந்நூறு பேர் அரங்கில் ஐந்தாறு பேருக்கே கிடைக்கும். ஆகவே ஒலியை ஸ்பீக்கர்களுக்கு நடுவே மிதக்கவிடுவதை நம்பாமல், நிஜமான பல இடங்களிலிருந்து வரச் செய்கிறார்கள். தாமதம் மிகவும் கூடினால் அதுவே எதிரொலியாகிவிடும். தோ பாயோவின் பழைய நீள புளோக்குகள் இரண்டு நாற்பது மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்யாணத்துக்கு மேளம் கொட்டினால், எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் அடி கால் நொடி பின்தங்கி வரும். வேக காலத்தில் அது அடுத்த அடியின் மேலேயே விழும்.

சிங்கப்பூரில் ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது நெடுங்காலமாகவே பொதுவாழ்வின் கேள்வி. இசைக்கலைஞர்கள் இதை ஆழ்ந்து யோசிக்க வேண்டும். 1970களின் நடுவில் பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகள் உட்புறம் நோக்கித் திருப்பப்பட்டன. பாங்கு வானொலி வழியே வீடுகளுக்குள் வந்தது. புதிய அடுக்குமாடி நகரங்களுக்கான பள்ளிவாசல் நிதியில் எழுந்த முதல் பள்ளிவாசல், 1977இல் திறந்த முஹாஜிரீன், தோ பாயோவின் பிரேடல் சாலையில்தான் இருக்கிறது. ஊர் முழுக்கப் பரவிய ஒற்றைக் குரல், ஒரே கணத்தில் எண்ணற்ற சமையலறைகளிலிருந்து எழும் குரலாக மாறியது. தைப்பூச ஊர்வலத்தில் 1973 முதல் இசைக்குக் கட்டுப்பாடு இருந்தது. 2016இல் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு முருகன் கோயிலுக்குக் காவடியோடு நடப்பவர், நின்ற இடத்து இசையை நெருங்கி, அதனுள் புகுந்து, பின்னால் விட்டுப் போகிறார். கோயில் பிராகாரத்துக்கு இது நேர் எதிர்: அங்கே ஒலி நடக்கிறது, இங்கே கேட்பவர் நடக்கிறார். இந்த இரண்டு அனுபவமும் உடலில் ஊறிய மக்களுக்குப் பல ஒலிபெருக்கி இசையை விளக்கவே தேவையில்லை.

கருவிப் பக்கம் பார்த்தால், சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் 1981இல் ஒரு சிறு கடையாகத் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம், 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையைக் கொண்டுவந்தது. 1998இல் வந்த அதன் 'லைவ்' வகை, நான்கு ஸ்பீக்கர் சூழொலியையும் அறையின் எதிரொலியைக் கணித்துத் தரும் வசதியையும் சாதாரண மேசைக் கணினிக்குக் கொடுத்தது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய, மறைந்த சிம் வோங் ஹூவின் சாதனையை வணிகச் செய்தியாக மட்டும் பேசுகிறோம். ஒரு தலைமுறையே இடவொலி கேட்கப் பழகியதற்கு அவரும் காரணம். 2003இல் உலகக் கணினி இசை மாநாடு சிங்கப்பூரில் நடந்தது. அதே ஆண்டு தேசியப் பல்கலைக்கழகத்தில் யோங் சியூ தோ இசைக் கல்லூரி முதல் மாணவர்களைச் சேர்த்தது. 2007 வெனிஸ் கலைக்கண்காட்சியில் சிங்கப்பூர் சார்பில் பங்கேற்றவர்களில் சுல் மஹ்மூது ஓர் ஒலிக்கலைஞர்.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கான் வூன் செங் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது. திறந்த சன்னலின் கம்பிகளில் 24 சிறு ஒலிபெருக்கிகளைப் பொருத்தி, வெளியிரைச்சலுக்கு எதிர் அலையை எழுப்பி, உள்ளே வரும் சத்தத்தைப் பத்து டெசிபெல் வரை குறைத்தார்கள். தீவு விரைவுச்சாலையை ஒட்டி வீடு இருப்பவருக்கு அதன் அருமை தெரியும். ஒலியை இடத்தில் வைக்கத் தெரிந்தால் இடத்திலிருந்து எடுக்கவும் முடிகிறது.

சராசரித் தமிழருக்கு இந்த உலகத்தின் வாசல் சினிமா. 'குருதிப்புனல்' 1995இல் டால்பி ஸ்டீரியோவோடு வந்தது. 2012இல் முப்பரிமாண 'சிவாஜி' டால்பி அட்மாஸோடும், 2013இல் 'விஸ்வரூபம்' ஆரோ 3டியோடும் வந்தன. அட்மாஸ் 64 ஸ்பீக்கர் வழிகள் வரை ஒலியைத் தனித்தனியாகப் பிரித்து அனுப்பும். அருமையான தொழில்நுட்பம்தான். ஆனால் ஹெலிகாப்டர் தலைக்கு மேல் பறக்கும், மழை சுற்றிப் பெய்யும், பாட்டு வந்ததும் பெரும்பாலும் திரைக்கே போய்விடும். இடம் கதைக்கு உதவுகிறது, இசையாவதில்லை. எல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிடுவதால் இந்த அரங்குக்கு, இன்றைய கூட்டத்துக்கு என்று எதுவும் இல்லை.

நம் கச்சேரி மேடைகளோ இன்னும் பின்தங்கியிருக்கின்றன. பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் என நான்கு பேர் நான்கு இடத்தில் உட்கார்ந்திருக்க, நான்கு ஒலியும் கலந்து இரண்டு பெட்டியிலிருந்து வருகின்றன. தனி ஆவர்த்தனத்தில் கடமும் மிருதங்கமும் கேள்வி பதிலாகப் பேசும்போது இரண்டும் ஒரே வாயால் பேசுவதுபோல் கேட்கிறது. கலைஞருக்கு ஒன்றாகப் பின்னால் நாலு சிறு ஸ்பீக்கர் வைத்தாலே இது தீரும். எஸ்பிளனேடில் ஆண்டுதோறும் நடக்கும் கலா உத்சவத்தில் ஒரு மாலையை இதற்குக் கொடுக்கலாம்: எட்டு ஸ்பீக்கர், ஒரு நாகஸ்வரம், ஒரு தவில், அவற்றின் பதிவை வைத்து ஒரு மின்னொலிப் படைப்பு, மிக்ஸரில் தாளம் அறிந்த ஒருவர். 2002இல் திறந்த எஸ்பிளனேடின் இசையரங்கு வாத்தியக்குழுவுக்காக நீண்ட அதிர்வோடு கட்டப்பட்டது. திரைகளை இறக்கி அதை அடக்க வேண்டும், அல்லது அந்த அதிர்வையே இசையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எது பொருந்தும் என்பதை அந்த அரங்கில் ஸ்பீக்கரை வைத்துக் கேட்டுத்தான் தீர்மானிக்க முடியும். மதியம் மைக் சோதனை, மாலை நிகழ்ச்சி என்ற வழக்கம் இதற்கு உதவாது. நிதி கேட்டு விண்ணப்பிக்கிறவர்கள் புதிய கருவிகளை விட்டுவிட்டு, இரண்டு முழு நாள் அரங்கையே ஒத்திகைக்குக் கேட்கட்டும்.