தெரிந்தும் வாய் திறக்காதவன்: பாங்க்வோவைப் பற்றிய நீண்ட வழக்கு

மேக்பெத் நாடகம் பாடமாக இருக்கும் வகுப்புகளில் பாங்க்வோவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வரிதான்: பேராசையால் அழியும் நாயகனுக்கு எதிரே நிற்கும் நேர்மையாளன். இருவரும் ஒரே போரில் வாள் சுழற்றியவர்கள். ஒரே பொட்டல்வெளியில் அதே மூன்று சூனியக்காரிகளைக் கண்டவர்கள். ஒருவன் அரசனாவான் என்றும், மற்றவன் வழியில் அரசர்கள் பிறப்பார்கள் என்றும் குறி சொல்லப்படுகிறது. ஒருவன் கத்தியை எடுக்கிறான், மற்றவன் எடுக்கவில்லை. பரீட்சைக்கு இது போதும். ஆனால் பாங்க்வோ இந்த ஒரு வரிக்குள் அடங்குகிற ஆள் இல்லை. அவன் நல்லவனா, உடந்தையா என்ற வழக்கு விமர்சகர்களிடையே நூறாண்டுக்கு மேலாக நடக்கிறது.

முதலில் அவன் எங்கிருந்து வந்தான் என்று பார்க்க வேண்டும். வரலாற்றில் மேக்பெத் உண்டு. 1040 முதல் 1057 வரை ஸ்காட்லாந்தை ஆண்டவன். பாங்க்வோ என்று ஒருவன் இருந்ததற்குச் சான்று இல்லை. 1527இல் லத்தீனில் ஸ்காட்லாந்து வரலாறு எழுதிய ஹெக்டர் போய்ஸ்தான் அவனை நமக்கு அறிமுகப்படுத்துகிறார். ஸ்டூவர்ட் அரச குலத்துக்குப் பழமையான மூதாதை ஒருவர் தேவைப்பட்டார். பாங்க்வோவும் அவன் மகன் ஃபிளியான்ஸும் அந்த இடத்தை நிரப்பினார்கள். போய்ஸின் கதை ஹோலின்ஷெட்டின் வரலாற்றுத் தொகுப்புக்குள் போய், அங்கிருந்து ஷேக்ஸ்பியர் கைக்கு வந்தது.

ஹோலின்ஷெட்டின் பாங்க்வோ நல்லவனே அல்ல. அரசர் டங்கனைக் கொல்லும் திட்டத்தை மேக்பெத் தன் நம்பிக்கைக்குரிய நண்பர்களிடம் சொல்கிறான். அந்த நண்பர்களில் முதல் ஆள் பாங்க்வோ. அதாவது, மூலக்கதையில் அவன் கூட்டாளி. ஷேக்ஸ்பியர் அவன் கையிலிருந்த ரத்தத்தைக் கழுவிவிட்டார்.

ஏன் கழுவினார் என்பதற்குக் காலங்காலமாகச் சொல்லப்படும் விடை அரசியல் சார்ந்தது. 1603இல் ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் ஆனார். ஷேக்ஸ்பியரின் நாடகக் குழு அரசரின் சொந்தக் குழுவாயிற்று. 1605 ஆகஸ்டில் ஜேம்ஸ் ஆக்ஸ்ஃபோர்டு வந்தபோது, மூன்று குறிசொல்லிப் பெண்கள் அவரைப் பாங்க்வோவின் வழித்தோன்றல் என்று வாழ்த்துவதாக மேத்யூ குவின் அமைத்த நிகழ்ச்சி அரங்கேறியது. அதே ஆண்டு நவம்பரில் வெடிமருந்துச் சதி அம்பலமாயிற்று. அரசரின் மூதாதையை அரசக்கொலையில் பங்காளியாகக் காட்ட எந்த நாடக ஆசிரியருக்குத் துணிவு வரும்? ஹென்றி பால் 1950இல் இந்த நாடகத்தை முழுக்க அரசருக்காக எழுதப்பட்ட ஒன்றாகவே வாசித்தார்.

இந்த விளக்கத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அது பாதிதான். அரசரை மகிழ்விப்பது மட்டுமே நோக்கமென்றால் பாங்க்வோவைக் களங்கமில்லாத வீரனாக்கி முடித்திருக்கலாம். ஷேக்ஸ்பியர் அப்படிச் செய்யவில்லை. குற்றத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் மௌனத்தை வைத்தார்.

இதைக் கூர்மையாகச் சொன்னவர் ஏ.சி. பிராட்லி. 1904இல் வெளிவந்த அவருடைய ஷேக்ஸ்பியர் துன்பியல் விரிவுரைகளில், பாங்க்வோவைக் குற்றமற்ற நேர்மையின் வடிவமாகப் பார்ப்பது பிழை என்று வாதிட்டார். பிரபுக்களில் சூனியக்காரிகளின் வாக்கை அறிந்தவன் பாங்க்வோ ஒருவனே. கொலைக்குப் பின் அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. தன் சந்ததி பற்றிய வாக்கும் பலிக்கட்டும் என்ற ஆசை அவன் நாவைக் கட்டிவிட்டது என்பது பிராட்லியின் வாசிப்பு. பின்னாளில் பாத்திரங்களை உயிருள்ள மனிதர்கள்போல ஆராயும் முறையே தாக்குதலுக்கு உள்ளாயிற்று. 1933இல் எல்.சி. நைட்ஸ், மேக்பெத் ஒரு நாடகக் கவிதை, அதைச் சொற்களும் படிமங்களுமாகப் படிக்க வேண்டும் என்றார். அந்த எச்சரிக்கை தேவையானதுதான். ஆனாலும் பாங்க்வோ விஷயத்தில் பிராட்லி வைத்த கேள்வியை அது தீர்க்கவில்லை.

நாடகத்தின் இரண்டு இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வி ஏன் தீரவில்லை என்பது தெளிவாகும்.

முதலாவது, இரண்டாம் அங்கத்தின் தொடக்கம். நள்ளிரவு தாண்டிவிட்டது. நிலா மறைந்து, விண்மீன்களும் இல்லாத இருட்டு. டங்கன் உள்ளே உறங்குகிறார். பாங்க்வோ தன் வாளைக் கழற்றி மகன் கையில் கொடுக்கிறான். கண்கள் சொருகுகின்றன, ஆனால் தூங்க மனமில்லை. தூக்கத்தில் தலையெடுக்கும் கெட்ட நினைவுகளைத் தடுக்கும்படி தெய்வ சக்திகளை வேண்டுகிறான். யாரோ வரும் சத்தம் கேட்டதும் கொடுத்த வாளைத் திரும்பக் கேட்கிறான். வந்தது மேக்பெத், அந்த வீட்டுக்காரன், நண்பன். நண்பன் வீட்டில் வாளைத் தேடும் கை எவ்வளவோ சொல்லிவிடுகிறது. பிறகு, சூனியக்காரிகளைக் கனவில் கண்டதாகப் பாங்க்வோ ஒளிக்காமல் சொல்கிறான். தான் அவர்களை நினைப்பதே இல்லை என்று மேக்பெத் பொய் சொல்கிறான். காலம் வரும்போது தன்னோடு நின்றால் கௌரவம் கிடைக்கும் என்று தூண்டில் போடுகிறான். நெஞ்சு களங்கப்படாமலும் விசுவாசம் குறையாமலும் இருந்தால் கேட்கிறேன் என்கிறான் பாங்க்வோ.

இந்தக் காட்சியில் அவன் நேர்மை உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவனுக்கும் ஆசை உண்டு. அந்த ஆசைக்கு அவன் அஞ்சுகிறான். மேக்பெத்திடமிருந்து அவனைப் பிரிப்பது இந்த அச்சம். சலனமே இல்லாதவனைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தால் நாயகனின் வீழ்ச்சி இத்தனை வலித்திருக்காது. அதே விதை விழுந்த இன்னொரு நெஞ்சு தாக்குப்பிடிப்பதைக் காண்பதால்தான் மேக்பெத்துக்கும் வேறு வழி இருந்தது என்று நமக்குத் தெரிகிறது.

இரண்டாவது இடம், மூன்றாம் அங்கத்தின் தொடக்கம். மேக்பெத் முடிசூடிவிட்டான். பாங்க்வோ தனியாக வந்து ஏறக்குறையப் பத்து வரிகள் பேசுகிறான். சொன்னதெல்லாம் உனக்குக் கிடைத்துவிட்டது, அதற்காக நீ கேவலமான ஆட்டம் ஆடியிருப்பாய் என்று அஞ்சுகிறேன் என்பது அதன் முதல் பகுதி. அங்கிருந்து அவன் மனம் நீதியின் பக்கம் போகவில்லை. உனக்குப் பலித்த வாக்கு எனக்கும் பலிக்காதா என்ற இடத்துக்குப் போகிறது. அரசன் வரும் ஓசை கேட்டதும் தன்னைத் தானே அடக்கிக்கொள்கிறான். அடுத்த நிமிடம் அதே அரசனிடம், என்றும் அவிழாத முடிச்சால் கட்டுண்ட கடமை என்று பணிந்து பேசுகிறான்.

பிறகு மேக்பெத் பேச்சோடு பேச்சாக மூன்று கேள்விகள் கேட்கிறான். பிற்பகலில் குதிரையேறிப் போகிறாயா? தூரமா? மகனும் கூட வருகிறானா? மூன்றுக்கும் பாங்க்வோ நேராகப் பதில் சொல்கிறான். நள்ளிரவில் காலடிச் சத்தத்துக்கே வாள் கேட்டவன், கொலைகாரன் என்று தான் சந்தேகிக்கும் ஆளிடம் தன் பயண நேரத்தையும் மகனையும் சேர்த்து ஒப்படைக்கிறான். ஆசையை அடக்கிவைத்த விழிப்பு போனதும், ஆபத்தை உணரும் விழிப்பும் கூடவே போய்விட்டதாகவே எனக்குப் படுகிறது.

அவன் சார்பாகச் சொல்லவும் நியாயம் உண்டு. முடிசூடிய அரசனை எதிர்ப்பது பாவம் என்பது அன்றைய இங்கிலாந்துத் திருச்சபையின் போதனை. அரசன் கெட்டவனானாலும் குடிமகன் எழக் கூடாது. மறுபக்கம், ஜேம்ஸின் சொந்த ஆசிரியர் ஜார்ஜ் புக்கானனோ கொடுங்கோலனை எதிர்க்கும் உரிமையை வலியுறுத்தினார். இந்த இரு வரலாற்றுப் பார்வைகளின் மோதலை டேவிட் நார்புரூக் 1987இல் விரிவாக ஆராய்ந்தார். அதற்கு முன்பே, 1980இல், ஹாரி பெர்கர் டங்கனின் அரசவையையே சந்தேகத்தோடு பார்த்தார். நன்றியும் புகழ்ச்சியும் போட்டியும் பின்னிக் கிடக்கும் அந்த இடத்தில் நல்லவர் கெட்டவர் என்று கோடு கிழிப்பது சுலபமில்லை.

இத்தனையையும் ஏற்றுக்கொண்ட பின்பும் எனக்கு இன்னொரு பிரபுவான மேக்டஃப் நினைவுக்கு வருகிறான். அவனுக்குச் சூனியக்காரிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. இருந்தும் ஸ்கோனில் நடக்கும் முடிசூட்டு விழாவுக்குப் போகாமல் ஃபைஃபுக்குத் திரும்புகிறான். பின்னர் இங்கிலாந்து போய் டங்கனின் மகன் மால்கமோடு சேர்கிறான். அதற்கு அவன் கொடுத்த விலை மனைவி, மக்களின் உயிர். குறைவாகத் தெரிந்தவன் விலகி நின்றான். அதிகம் தெரிந்தவன் மேக்பெத்தின் விருந்துக்கு வருவதாக வாக்குக் கொடுத்தான். மேக்பெத்துக்கு எதிரிணை பாங்க்வோ என்றால், பாங்க்வோவுக்கு எதிரிணை மேக்டஃப்.

மேடையிலும் திரையிலும் இந்த வழக்கு தொடர்ந்தது. மேக்பெத் ஏவிய ஆட்களால் கொலையுண்ட பாங்க்வோ அந்த விருந்துக்கு ஆவியாக வருவது ஹோலின்ஷெட்டில் இல்லை, அது ஷேக்ஸ்பியரின் கற்பனை. 1611இல் குளோப் அரங்கில் நாடகம் பார்த்த சைமன் ஃபோர்மன், ஆவி வந்து மேக்பெத்தின் நாற்காலியில் அமர்ந்ததைக் குறித்துவைத்தார். 1794இல் ஜான் ஃபிலிப் கெம்பிள் ஆவியைக் காட்டாமல் வெற்று நாற்காலியை மட்டும் வைத்தார். அகிரா குரோசாவா 1957இல் எடுத்த ‘த்ரோன் ஆஃப் பிளட்’ படம் பிராட்லியின் பக்கம் சாய்கிறது: அங்கே பாங்க்வோவான மிகி, நண்பனுக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிடுகிறான், தன் மகனுக்கு வாரிசுரிமை வரும் என்ற எண்ணமும் அவனுக்கு உண்டு. அவன் கொலையை நாம் பார்ப்பதில்லை. ஆள் இல்லாமல் திரும்பி ஓடிவரும் குதிரையைத்தான் பார்க்கிறோம். விஷால் பரத்வாஜின் ‘மக்பூல்’ (2003) படத்தில் மும்பை நிழலுலகத்தைச் சேர்ந்த காக்கா என்ற பாத்திரம் அதே இடத்தில் நிற்கிறது. தமிழிலும் பம்மல் சம்பந்த முதலியார் இந்த நாடகத்தை ‘மகபதி’யாக மேடைக்குக் கொண்டுவந்தார்.

என் தீர்ப்பு இது: பாங்க்வோ நல்லவன், ஆனால் அவன் நன்மை தீமை செய்யாமல் இருப்பதோடு நின்றுவிட்டது. ஸ்காட்லாந்துக்குத் தேவைப்பட்டது அதற்கு மேல் ஒரு வார்த்தை. இந்த நாடகத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அந்த நள்ளிரவுக் காட்சியையும் மூன்றாம் அங்கத்தின் முதல் பத்து வரிகளையும் ஒரே நாளில், அடுத்தடுத்து, மாணவர்களை உரக்கப் படிக்கச் செய்யுங்கள். நேர்மையாளன் என்ற ஒற்றைச் சொல்லை அதற்குப் பிறகு அவர்களே எடைபோடட்டும்.