சைக்கிள், கசூலே, ஒயின்: ரோலான் பார்த் சேர்த்து எழுதாத கட்டுரை

பிரெஞ்சு கிராமப்புறத்தில் சைக்கிளில் சுற்றியதைப் பற்றி எழுதுபவர்களிடம் ஒரு வார்ப்பு உண்டு. நாலு கட்டுரை வாசித்தால் ஐந்தாவதை நாமே எழுதிவிடலாம். காலையில் கால்வாய்க் கரையோரம் முப்பது நாற்பது கிலோமீட்டர், இரண்டு பக்கமும் பிளேன் மரங்கள். மதியம் ஒரு சின்ன ஊரில் இரண்டு மணிநேரச் சாப்பாடு. சாயங்காலம் திராட்சைத் தோட்டக்காரர் ஒருத்தர் தன் நிலவறையைத் திறந்து ஒரு கோப்பை ஊற்றித் தருவார். அவருக்குப் பெரும்பாலும் பெயர் இருக்காது. கை மட்டும் காய்ப்பு ஏறியிருக்கும். கடைசிப் பத்தியில் 'இவங்களுக்கு வாழத் தெரியும்' என்று ஒரு பெருமூச்சு.

இந்த எழுத்தைக் கிண்டல் செய்வது சுலபம். அதில் எனக்கு ஆர்வமில்லை, ஏன்னா அந்த மகிழ்ச்சி பொய்யில்லை. பசித்த வயிற்றுக்குச் சாப்பாடு ருசிக்கும், மிதித்த காலுக்கு நிழல் சுகம். என் கேள்வி வேறு. சைக்கிள், சாப்பாடு, ஒயின் மூன்றும் பிறக்கும்போதே ஒட்டிப் பிறந்தது போல ஏன் தோன்றுகிறது? அந்தத் தோற்றத்தில் எது மறைகிறது?

இந்த மாதிரிக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர் ரோலான் பார்த். 1957ல் வந்த அவருடைய 'மித்தாலஜீஸ்' தொகுப்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னக் கட்டுரைகள். வரலாற்றில் உருவான ஒன்று எப்படி 'இயல்பே இதுதான்' என்ற வேஷம் போட்டுக்கொள்கிறது என்பதுதான் எல்லாவற்றிலும் அவருடைய விசாரணை. ஒயினும் பாலும் பற்றி ஒன்று, மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கு வறுவலும் பற்றி ஒன்று, டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஒரு காவியமாக வாசிக்கும் ஒன்று, 'ப்ளூ கைடு' என்ற பயண வழிகாட்டி நூல் பற்றி ஒன்று. ஆக, நம் சைக்கிள் பயணிக்குத் தேவையான நாலும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன, ஆனால் தனித்தனியாக. அவற்றைச் சேர்த்து வைத்து வாசித்தால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு.

ஊர் இல்லாமல் பேசினால் நாமும் அந்த வார்ப்புக்குள் விழுந்துவிடுவோம். அதனால் ஒரு இடத்தை எடுத்துக்கொள்கிறேன்: துலூஸ் நகரத்திலிருந்து மத்தியதரைக் கடலோரத்துத் தோ உப்பங்கழி வரை சுமார் 240 கிலோமீட்டர் ஓடும் கனால் து மிதி. 'மிதி' என்றால் பிரெஞ்சில் தெற்கு. தமிழ்க் காதுக்கு சைக்கிளுக்கென்றே வைத்த பெயர் மாதிரி கேட்கும். 1681ல் திறந்த கால்வாய் இது, 1996 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. விளம்பரப் படங்களில் வரும் பிளேன் மரக் கூடாரம் பல இடங்களில் இப்போது இல்லை. 2006ல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பூஞ்சை நோயால் ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி எரித்தார்கள். பயணக் கட்டுரைகளில் மட்டும் நிழல் அப்படியே இருக்கிறது.

முதலில் சைக்கிள்

பிரான்சில் சைக்கிள் சுற்றுலாவின் தந்தை என்று சொல்லப்படுபவர் போல் து விவி (1853–1930). 'வெலோசியோ' என்ற பெயரில் எழுதியவர். சேந்த் எத்தியென் ஊரிலிருந்து சைக்கிள்காரர்களுக்கான பத்திரிகை ஒன்றை 1887ல் தொடங்கினார். சைக்கிளில் ஊர் சுற்றுபவர்களுக்கு அவர் வகுத்த ஏழு கட்டளைகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் வரும் முன் குடி, வீம்புக்காக மிதிக்காதே என்றெல்லாம் போகும் அந்தப் பட்டியலில் ஒன்று நம் விஷயத்துக்கு முக்கியம்: பாதையில் இருக்கும்வரையாவது ஒயின், இறைச்சி, புகையிலை மூன்றும் கூடாது. மனிதர் சைவம். நிறுத்தங்கள் குறைவாகவும் குறுகியதாகவும் இருக்கணும் என்பதும் அவர் விதிதான்.

அப்படின்னா இரண்டு மணிநேர மதியச் சாப்பாடும் ஒயினும் சைக்கிளோடு எப்போது சேர்ந்தன? ஒரு முக்கியமான திருப்பம் 1936. அந்த வருடம் மே, ஜூன் மாதங்களில் பிரான்சின் தொழிற்சாலைகளைத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் ஆக்கிரமித்து வேலைநிறுத்தம் செய்தார்கள். மக்கள் முன்னணி அரசு இரண்டு வார ஊதிய விடுமுறையைச் சட்டமாக்கியது. அந்தக் கோடையில் இரண்டு பேர் மிதிக்கும் டாண்டம் சைக்கிளில் கிராமப்புறச் சாலைகளில் போன இளம் ஜோடிகளின் புகைப்படங்கள்தான் 'விடுமுறை' என்ற சொல்லுக்கே பிரெஞ்சு மனதில் படமாக நின்றன. இன்றைய விளம்பரத்தில் சாவகாசமாக மிதிக்கும் அந்த உருவத்துக்குப் பின்னால் ஒரு வேலைநிறுத்தம் இருக்கிறது. ஓய்வு என்பது கேட்டு, போராடி வாங்கியது. 'வாழத் தெரிந்தவர்கள்' என்று எழுதும்போது அது ஏதோ ரத்தத்திலேயே ஊறிய குணம் மாதிரி ஆகிவிடுகிறது.

அடுத்து சாப்பாடு

கால்வாய்க் கரையில் இருக்கும் காஸ்தெல்நோதாரி ஊரின் பெருமை கசூலே: வெள்ளை பீன்ஸ், வாத்து அல்லது வாத்துக் கொழுப்பில் வேகவைத்த கறி, பன்றி இறைச்சி, சாசேஜ் எல்லாம் சேர்த்து மண்சட்டியில் மெதுவாக வேகவைப்பது. நூறாண்டுப் போரில் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டபோது, வீட்டில் மிச்சமிருந்ததையெல்லாம் ஒரே சட்டியில் போட்டுச் சமைத்து வீரர்களுக்குக் கொடுத்தார்கள், அதுதான் கசூலேயின் பிறப்பு என்று தலபுராணம் சொல்லும். நூறாண்டுப் போர் 1453ல் முடிந்துவிட்டது. இந்த வெள்ளை பீன்ஸோ கொலம்பஸுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். அன்று சட்டியில் ஏதாவது பருப்பு இருந்திருந்தால் அது வேறு ஜாதி அவரையாக இருந்திருக்கும். 'ஆதிகாலத்து மண்ணின் உணவு' என்று எழுதப்படும் பண்டத்தின் முக்கியப் பொருள் கடல் கடந்து வந்தது. கசூலேயின் ருசிக்கு இதனால் ஒரு குறையும் வரப்போவதில்லை. குறை வருவது 'மண்' என்ற சொல்லுக்குத்தான்.

இனி ஒயின்

லாங்தோக் பகுதியின் ஒயின் வரலாறு அமைதியானதே இல்லை. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸெரா பூச்சி பிரான்சின் திராட்சைக் கொடிகளின் வேரை அழித்தது. பிழைக்க வழி தேடியவர்களில் பலர் அல்ஜீரியாவுக்குக் குடியேறி அங்கே தோட்டம் போட்டார்கள், உள்ளூர்க்காரர்களிடமிருந்து பறித்த நிலத்தில். இங்கே தோட்டங்கள் மீண்டு வந்தபோது சந்தையில் ஒயின் வழிந்தது: சர்க்கரை கலந்த போலி ஒயின் ஒரு பக்கம், அல்ஜீரிய ஒயின் இன்னொரு பக்கம். விலை சரிந்தது. 1907ல் சிறு விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். மோன்பெலியேவில் கூடிய கூட்டம் ஐந்து லட்சத்தைத் தாண்டியது என்பார்கள். நார்போனில் ராணுவம் சுட்டதில் உயிர்கள் போயின. உள்ளூர்ப் பையன்கள் நிறைந்த 17ஆம் காலாட்படைப் பிரிவு கலகம் செய்து மக்கள் பக்கம் போனது.

கால்வாய் முடியும் உப்பங்கழிக்குப் பக்கத்தில் இருக்கிறது செத் துறைமுகம். இன்று பயணிகள் அந்த உப்பங்கழியின் சிப்பியைச் சாப்பிட்டு, பிக்பூல் வெள்ளை ஒயினைக் குடித்து பயணத்தை முடிப்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அல்ஜீரிய ஒயின் பீப்பாய் பீப்பாயாக வந்து இறங்கிய துறை அது. லாங்தோக்கின் நீர்த்த ஒயினுக்கு நிறமும் உரமும் கொடுக்க அதைக் கலந்தார்கள். சாமானியத் தொழிலாளியின் மேஜைக்கு 'பிரெஞ்சு ஒயின்' என்று போனதில் ஆப்பிரிக்காவும் இருந்தது.

பார்த்துக்குத் திரும்புவோம்

ஒயின் பற்றிய கட்டுரையின் முக்கால் பங்கில் பார்த் விளையாட்டாகத்தான் போகிறார்: பிரெஞ்சுக்காரருக்கு ஒயின் ஒரு குலச்சின்னம், குடிக்காதவர் ஏன் குடிக்கவில்லை என்று விளக்கம் சொல்லியாக வேண்டும், மதுவுக்கு எதிராகப் பால் குடித்துக் காட்டிய பிரதமர் மென்தெஸ் பிரான்ஸை ஊரே விசித்திரமாகப் பார்த்தது என்கிற மாதிரி. கடைசியில் தொனி மாறுகிறது. அல்ஜீரியாவில் முஸ்லிம்களிடமிருந்து பறித்த அதே நிலத்தில், ரொட்டிக்கே வழியில்லாத அவர்களை, அவர்களுக்கு வேண்டாத பயிரை விளைவிக்க வைக்கிறோம். இதை மறந்தால் மட்டுமே ஒயின் களங்கமில்லாத ஆனந்தமாக இருக்க முடியும் என்கிறார். இறைச்சிக் கட்டுரையும் அப்படித்தான் முடியும். இந்தோசீனப் போர் நின்ற பிறகு தளபதி து காஸ்த்ரி முதல் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு வறுவல் கேட்டதை ஒரு தேசியச் சடங்காக வாசிக்கிறார்.

ஆனால் டூர் கட்டுரையில் இந்தக் கண் மூடிக்கொள்கிறது. வோந்து மலையைத் தீய தெய்வமாகவும் வீரர்களின் பெயர்களை காவியப் பாத்திரங்களாகவும் அற்புதமாக வாசிக்கிறார். காலனியம் மட்டும் அங்கே வரவில்லை. அவர் எழுதியது 1955 டூரை வைத்து. அதற்கு ஐந்து வருடம் முன்பு, இதே லாங்தோக் சாலையில், அவருடைய இரண்டு கட்டுரைகளையும் சேர்த்துத் தைக்கும் ஒரு சம்பவம் நடந்திருந்தது.

1950 ஜூலை 27. பெர்பினியானிலிருந்து நீம் வரையான கட்டம், கொளுத்தும் வெயில். வட ஆப்பிரிக்க அணியைச் சேர்ந்த இரண்டு அல்ஜீரிய வீரர்கள், அப்தெல்காதர் ஸாஃபும் மர்செல் மொலினேயும், கூட்டத்தைப் பின்னால் விட்டுவிட்டு முன்னேறினார்கள். முடிவுக்கோட்டுக்குக் கொஞ்ச தூரமே இருக்கையில் ஸாஃப் தள்ளாடி விழுந்தார். எழுந்தவர், வந்த திசையிலேயே திரும்ப மிதிக்கத் தொடங்கினார் என்பது பிரபலமான கதை. மொலினே ஜெயித்தார். மரத்தடியில் சாய்ந்து கிடக்கும் ஸாஃபின் படம்தான் நினைவில் நின்றது.

கதையின் காரணப் பகுதி இன்னும் பிரபலம். தாகத்தில் தவித்த அவருக்கு தோட்டக்காரர்கள் ஒயின் கொடுத்தார்களாம், குடித்துப் பழக்கமில்லாத முஸ்லிம் போதையில் விழுந்துவிட்டாராம். மயங்கிக் கிடந்தவரைத் தெளிவிக்க மேலே ஒயினைத் தெளித்தார்கள், வாடை அதனால்தான் என்று இன்னொரு பாடம் உண்டு. வெயிலும் ஊக்க மருந்தும்தான் காரணம் என்று நினைப்பவர்களும் உண்டு. எது நடந்தது என்பதைவிட எது நிலைத்தது என்பதுதான் இங்கே சங்கதி. ஒரு அல்ஜீரியன் பந்தயத்தில் முன்னால் போன செய்தியைவிட, ஒரு அல்ஜீரியன் ஒயினால் கவிழ்ந்த செய்தி ஊருக்கு இனித்தது. அவர் நாட்டு மண்ணில் அவர்கள் விளைவித்த பொருளே அவரை வேடிக்கைப் பொருளாக்கியது. பார்த் இதைத் தொட்டிருந்தால் 'மித்தாலஜீஸ்' தொகுப்பின் உச்சமான கட்டுரை அதுவாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இதெல்லாம் தெரிந்தால் ருசி கெட்டுப்போகாதா?

நியாயமான ஆட்சேபம். விடுமுறைக்கு வந்தவன் தலையில் வரலாற்றை ஏற்றணுமா? இதற்குப் பதில் ஒயின் ரசிகர்களிடமே இருக்கிறது. எந்தச் சரிவு, எந்த மண், எந்த வருடத்து மழை என்று தெரிந்து குடித்தால்தான் முழு ருசி என்பது அவர்களுடைய அடிப்படை நம்பிக்கை. பிறந்த இடத்தின் பெயரைச் சட்டப்படி காக்கும் 1935ஆம் வருட ஏற்பாடும் அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. சரி, சுண்ணாம்புக் கல் ருசியில் தெரியும் என்றால், பறித்த கை மட்டும் ஏன் தெரியக்கூடாது? மண்ணைப் பற்றிய அறிவு ருசியைக் கூட்டும், மனிதரைப் பற்றிய அறிவு ருசியைக் கெடுக்கும் என்பது வசதியான எல்லைக்கோடு.

இது பழங்கதையும் இல்லை. நாட்டின் வடக்கே ஷாம்பெய்ன் பகுதியில் 2023 செப்டம்பர் அறுவடையின்போது கடும் வெயிலில் பறிப்புத் தொழிலாளர்கள் சிலர் இறந்தார்கள். அதே அறுவடையில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தொழிலாளர்களை மோசமான இடத்தில் அடைத்து வைத்த வழக்கில், 2025ல் நீதிமன்றம் மூன்று பேரை ஆட்கடத்தல் குற்றத்துக்காகத் தண்டித்தது. செப்டம்பர் மாதம் சைக்கிள் பயணத்துக்கும் நல்ல மாதம். பயணியும் பறிப்பவரும் ஒரே சாலையில்தான் இருக்கிறார்கள்.

பார்த்தோடு எனக்கு ஒரு வேறுபாடு உண்டு. நினைத்துப் பார்த்தால் ஒயின் களங்கப்பட்ட ஆனந்தம் என்கிற இடத்தில் அவர் நின்றுவிடுகிறார். 1936ன் டாண்டம் ஜோடிகளையும் 1907ன் சிறு விவசாயிகளையும் கலகம் செய்த சிப்பாய்களையும் சேர்த்து நினைத்தால், பறிப்பும் அவமானமும் மட்டும் மிஞ்சுவதில்லை; அந்த நிழலும் ஓய்வும் யாரோ வென்று கொடுத்தவை என்பதும் தெரிகிறது. அப்படி எழுதப்பட்ட ஒரு பயணக் கட்டுரையைத்தான் நான் வாசிக்க விரும்புகிறேன். கால்வாய்க் கரை, கசூலே, ஒயின் எல்லாம் அதில் இருக்கட்டும். கோப்பையை நீட்டும் தோட்டக்காரருக்கு ஒரு பெயர் இருக்கட்டும், பறித்தவர் எந்த ஊர், நாள் கூலி எவ்வளவு என்று ஒரு வரி இருக்கட்டும். நிலவறையில் நின்று விலையைக் கேட்கும்போது கூலியையும் சேர்த்துக் கேட்டால் போதும்.