இரும்படிக்கிற இடத்தில் ஈ

"இரும்பு அடிக்கிற எடத்துல ஈக்கு என்னடா வேல?"

பழமொழித் தொகுப்புகளில் இதை ஒரு வேடிக்கைக்காகப் போட்டிருப்பார்கள். எனக்கு இது முகத்துக்கு நேராகச் சொல்லப்பட்ட வார்த்தை. செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் ஊர்க் கொல்லுப்பட்டறைக்கு வெளியே அப்பாவுக்குக் கஞ்சித் தூக்கை வைத்துவிட்டு, உலையை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்ற எட்டு வயசுப் பையனைப் பார்த்து ஆசாரி வீட்டுப் பெரியவர் சொன்னார். உள்ளே அப்பா சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தார். பட்டடைக்கல் வரைக்கும் அவர் வரலாம், அவருடைய தோள் தேவை. திண்ணையில் உட்கார முடியாது. கூலியைக் கையில் கொடுக்க மாட்டார்கள், கீழே வைப்பார்கள். நானோ எதற்கும் தேவைப்படாதவன். ஆகவே ஈ.

அப்பாவைச் சம்மட்டிக்குக் கூப்பிட்டதற்குக் காரணம் அவருடைய உடம்பு மட்டும் அல்ல. அவர் பறை அடிக்கிறவர். ஆசாரி சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டுவார், அது கட்டளை. அடுத்த அடி அதே இடத்தில், அதே இடைவெளியில் சம்மட்டியால் விழ வேண்டும். சுத்தியல் வெறும் பட்டடையில் தட்டினால் நிறுத்து என்று அர்த்தம். ஒரு அடி பிந்தினால் இரும்பு ஆறிவிடும், தப்பினால் குறடு பிடித்த கை போய்விடும். "தாளம் தப்பாத கைடா அவனுக்கு" என்று ஆசாரியே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், போன ஆயுத பூஜைக்கு மறைமலை நகர்த் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை வாசலில் ஒலிபெருக்கி வைத்து நாள் முழுக்க விஸ்வகர்மா பாட்டுப் போட்டார்கள். உளி, சுத்தியல், உலை, ஐந்தொழில், ஆதி குலம். உலகத்தில் உள்ளதெல்லாம் எங்கள் கையால் ஆனது என்பதுதான் எல்லாப் பாட்டிலும் சாரம். உள்ளே ஒப்பந்தத் தொழிலாளியாக நின்று இரும்பைக் காய்ச்சி அடிக்கிறவர்களில் பாதிப்பேர் நம் சேரிப் பிள்ளைகள். அவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. நம்ம பசங்க பறைக்குழுவையும் வரச்சொல்லியிருந்தார்கள். கேட்டுக்கு வெளியே அடிக்கச் சொன்னார்கள். நாதஸ்வரம் உள்ளே போனது.

தொழிலைப் பாடுவதாகச் சொல்லிக் குலத்தைப் பாடுகிற இந்தப் பாட்டுகள் நேற்று முளைத்தவை அல்ல. எம்.ஏ. தமிழ் வகுப்பில் நமக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டுகளையே எடுத்துக்கொள்ளுங்கள்.

புறநானூறு 312, பொன்முடியார் பாட்டு. பெறுவது தாயின் கடமை, சான்றோனாக்குவது தந்தையின் கடமை, வேல் செய்து கொடுப்பது கொல்லனின் கடமை, நன்னடை தருவது வேந்தனின் கடமை, யானையை வெட்டி மீள்வது மகனின் கடமை. மேடைதோறும் தமிழ் வீரம் என்று முழங்கப்படும் பாட்டு. அந்தப் பட்டியலில் உடம்பால் தொழில் செய்பவன் கொல்லன் ஒருவன்தான். அவனுக்கு என்ன கிடைக்கும் என்பதற்குப் பாட்டில் பதில் இல்லை. வேலை 'கடன்' ஆகிவிட்டால் கூலியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை அல்லவா? வீரத்தைப் பார்த்த நம் பேராசிரியர்கள் இதைப் பார்க்கவில்லை.

அடுத்தது புறநானூறு 170. உறையூர் மருத்துவன் தாமோதரனார் பிட்டங்கொற்றனைப் பாடியது. பாட்டின் தொடக்கத்தில் துடி அடிக்கிற ஒருவன் வருகிறான். அவனுடைய கரிய கை சிவந்துபோகும்படி அடிக்கிறான். பாட்டின் முடிவில் ஒரு கொல்லன் வருகிறான். அவனுக்கும் கரிய கைதான். அவன் ஓங்கி அடிக்கும் சம்மட்டியைத் தாங்கி நிற்கும் உலைக்கல் போன்றவன் எங்கள் தலைவன் என்கிறார் புலவர். இரண்டு பேருக்கும் 'கருங்கை' என்ற ஒரே சொல். இரண்டு பேரும் அடிக்கிறவர்கள். ஆனால் துடி அடிக்கிறவனுக்கு மட்டும் இன்னொரு பெயர் வைக்கிறார், 'இழிபிறப்பாளன்' என்று. உரைகாரர்கள் புலையன் என்று விளக்கம் எழுதி வேலையை முடித்துவிட்டார்கள். ஒரே பாட்டுக்குள், ஒரே நிறக் கைகளில், ஒன்று தலைவனுக்கு உவமையாக உயர்கிறது, மற்றொன்று பிறப்பால் இழிகிறது. சங்க காலத்தில் சாதி இல்லை என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிற நண்பர்கள் இந்தப் பாட்டை ஒருமுறை படிக்க வேண்டும்.

மூன்றாவது, குறுந்தொகை 172. கச்சிப்பேட்டு நன்னாகையார் என்ற பெண் புலவர் பாடியது. ஏழு ஊர்களுக்கும் பொதுவாக ஓர் ஊரில் அமைந்த உலை. அங்கே ஓயாமல் மிதிபட்டு மூச்சுவிடுகிற துருத்தித் தோலைப்போல் என் நெஞ்சு வருந்துகிறது என்கிறாள் தலைவி. நான் படித்த கொல்லன் பாட்டுகளிலேயே எனக்கு நெருக்கமானது இதுதான். நன்னாகையார் கொல்லனைப் பார்க்கவில்லை, சம்மட்டியைப் பார்க்கவில்லை, தோலைப் பார்த்தார். உலையில் ஓய்வே இல்லாதது எது என்று ஒரு பெண்ணுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

தோல் என்றதும் நமக்கு விஷயம் புரிந்துவிடும். இந்த நாட்டில் செத்த மாட்டைத் தூக்குவதும் உரிப்பதும் பதப்படுத்துவதும் யார் தலையில் கட்டப்பட்டது என்பதை இந்த இதழின் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோல் இல்லாமல் அந்தத் துருத்தி இல்லை. துருத்தி இல்லாமல் உலை இல்லை, கொழு இல்லை, அரிவாள் இல்லை, வேல் இல்லை. அதே போல, பறையைத் திருப்பிப் பாருங்கள். மூன்று வளைந்த மரத்துண்டுகளைச் சேர்த்துப் பிடித்திருப்பவை இரும்புத் தகடுகள். பறையைத் தீயில் காய்ச்சுகிறோம், இரும்பையும் தீயில் காய்ச்சுகிறார்கள். அவன் உலையில் நம்முடைய தோல், நம்முடைய பறையில் அவனுடைய இரும்பு. விஸ்வகர்மா பாட்டும் இதைச் சொல்வதில்லை, நம் மேடைகளில் பாடும் பறைப்பாட்டும் இதைச் சொல்வதில்லை. இதை நம் தோழர்களும் யோசிக்க வேண்டும்.

கொல்லனுக்கு இசை சும்மா கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. கரூர்க் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு அரசன் இடும் ஆணை. வெங்கால நாட்டுக் கம்மாளர்கள் தங்கள் நன்மை தின்மைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்புப் போடலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம் என்று அனுமதி கொடுக்கிறது. அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன்பு தடை இருந்தது என்று அர்த்தம். தன் கல்யாணத்தில் சங்கு ஊதவும், செருப்புப் போட்டு நடக்கவும் அரசன் கையெழுத்துக்குக் காத்திருந்தவன்தான் கம்மாளன். இந்தக் கல்வெட்டைப் பற்றி ஒரு பாட்டுக்கூட அந்த ஒலிபெருக்கியில் வரவில்லை. தன் மேல் விழுந்த அடியை மறந்து குலப்பெருமை பாடுகிறவன், அடுத்தவனை வாசலில் நிறுத்துகிறான்.

பின்னால் இடங்கை, வலங்கை என்று பிரித்தார்கள். கம்மாளர் இடங்கைக்கு முன்வரிசை. பறையரை வலங்கையில் நிறுத்தினார்கள். சென்னைப் பட்டணத்தில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் நடந்த கலகங்களில் எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போகலாம், யார் வாத்தியம் வாசிக்கலாம் என்பதற்காக அடித்துக்கொண்டார்கள். கருங்கையும் கருங்கையும் மோதின. லாபம் யாருக்கு?

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில் மாண்டே மக்களிடையே இரும்புத் தொழில் செய்கிற நூமு, தோல் தொழில் செய்கிற கரங்கே, பாடுகிற ஜெலி ஆகிய மூவரையும் நியாமகலா என்ற ஒரே வகுப்பில் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குள்ளும் பிறப்புவழித் தொழிலும் தனித்தனிக் கொள்வினை கொடுப்பினையும் உண்டு. அதை நான் புகழவில்லை. ஆனால் இரும்பு, தோல், பாட்டு மூன்றும் ஒரே வேரில் வருகிறவை என்று அந்தச் சமூகம் ஒளிக்காமல் சொல்கிறது. அவர்களுடைய சுண்டியாட்டா காவியத்தில் கொல்லனாகிய அரசன் சுமாவோரோவிடம்தான் முதல் பலஃபோன் இருக்கிறது. அங்கே இரும்படிக்கிறவனே இசைக்கருவிக்கு உடையவன்.

நாங்கள் குடியிருக்கிற ஊருக்குப் பெயர் மறைமலை நகர். தனித்தமிழ் தந்தவர் என்று மறைமலையடிகளைக் கொண்டாடுகிறோம். அவர் எழுதிய 'வேளாளர் நாகரிகம்' 1923இல் வந்தது. உழவால் நாகரிகம் கண்ட வேளாளரே மற்றத் தொழிலாளரைப் பதினெட்டு வகுப்பாக்கித் தமக்குத் துணையாக வைத்துக்கொண்டார்கள் என்பது அதன் வாதம். ஆக, கம்மாளனும் ஏவல் ஆள்தான். அந்தப் பதினெட்டு இன்னும் நம்மை விடவில்லை. 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்திலும் 18 தொழில்கள். கொல்லர் உண்டு, செருப்புத் தைப்பவர் உண்டு, துணி வெளுப்பவர், முடி திருத்துபவர் உண்டு. தலைமுறைத் தொழிலுக்குப் பிள்ளைகளைத் தள்ளுகிற திட்டம் என்று தமிழ்நாடு அரசு 2024இல் அதை அப்படியே ஏற்க மறுத்தது, சரிதான். ஆனால் திட்டத்தை மறுத்தால் போதாது. பாட்டையும் மறுக்க வேண்டும். குலத்தைப் பாடுகிற பாட்டு தெருவில் ஓடும் வரைக்கும், திட்டம் வேறு பெயரில் வந்துகொண்டுதான் இருக்கும்.

ஆயுத பூஜை அன்று நம்ம பசங்க வெளியே அடித்து முடித்ததும், உள்ளே வேலை செய்கிற ஒரு ஆசாரி வீட்டுப் பையன் கேட்டுக்கு வந்தான். சின்ன வயசு. "அண்ணே, ஒரு தடவ குடுங்க" என்று பறையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். அடிக்கத் தெரியவில்லை. குச்சியைச் சுத்தியல் பிடிக்கிற மாதிரி பிடித்தான். எங்கள் பையன் ஒருவன் அவன் கையைத் திருப்பி வைத்துச் சொல்லிக்கொடுத்தான். உள்ளேயிருந்து மேஸ்திரி கூப்பிடவும் பறையைக் கொடுத்துவிட்டு ஓடினான். அவ்வளவுதான் நடந்தது. இதைப் பெரிய ஒற்றுமை என்று நான் எழுத மாட்டேன். நாளைக்கே அவன் அப்பா அவனை அடித்திருக்கலாம்.

ஆனால் எழுத வேண்டிய பாட்டு அங்கேதான் இருக்கிறது. சுத்தியலையும் சம்மட்டியையும், துருத்தித் தோலையும் பறைத் தோலையும் ஒன்றாகப் பாடுகிற பாட்டு. கூலி எவ்வளவு என்று கேட்கிற பாட்டு. எங்க அப்பாவின் கைத்தாளம் அதில் இருக்க வேண்டும். இரும்படிக்கிற இடத்தில் எங்களுக்கு என்ன வேலை என்று இனி யாராவது கேட்டால், அந்தப் பாட்டுத்தான் நாங்கள் சொல்லப்போகும் பதில்.