டிராகனுக்கு ஒரு டர்ன்

கே.ஜி.எஃப். (கோலார் தங்கவயல்) மலர் என்றால் சுரங்கம், சங்கம், கால்பந்து, ஹாக்கி என்று கட்டுரைகள் தாமாகவே வந்து சேர்ந்துவிடும். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபின் பிறந்த பிள்ளைகள் என்ன ஆடுகிறார்கள் என்பதற்கு அதில் பக்கம் கிடைப்பதில்லை. மாரிக்குப்பத்தில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கும் கல்லூரிக்கும் போகிற பிள்ளைகளில் சிலர், உட்கார இடம் கிடைத்ததும் போனை எடுத்து போகிமான் ஷோடவுன் என்ற மிருகச் சண்டை ஆட்டத்தைத் திறக்கிறார்கள். காசில்லை, கன்சோல் வேண்டாம், எந்த மிருகத்தையும் பிடித்து வளர்க்கவும் வேண்டாம். ஆறு பேரை எழுதிக்கொண்டு களத்தில் இறங்கினால் போதும். அந்த ஆறில் ஒன்றாவது டிராகனாக இருக்கும். டிராகனை ஆடும் முறைகளுக்கு ஏறத்தாழ முப்பதாண்டு மரபு உண்டு, பாணிகள் உண்டு, இது நன்று, இது தப்பு என்று சொல்லும் அளவுகோலும் உண்டு.

ஆட்டம் அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இருவர் மோதுகிறார்கள். மிருகங்களும் அடிகளும் டிராகன், பனி, எஃகு என்று வகைபிரிந்தவை; எந்த வகை எதை அடிக்கிறது என்பதைப் பொறுத்துச் சேதம் கூடும், குறையும். ஒவ்வொரு டர்னிலும் அடிப்பதா, களத்தில் இருப்பதை உள்ளே அழைத்து வேறொன்றை இறக்குவதா என்று இருவரும் மறைவாக முடிவெடுப்பார்கள். இரு முடிவுகளும் ஒரே சமயத்தில் வெளியாகும். இருவருமே அடித்தால் வேகம் கூடியவரின் அடி முந்தும். ஆக, இங்கே செலவாகிற காசு டர்ன்தான். டிராகன் பாணிகள் எல்லாமே ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடைகள்: இந்த மிருகத்துக்கு இடைஞ்சல் இல்லாத ஒரு டர்னை எப்படி வாங்கித் தருவது?

1996 பிப்ரவரியில் ஜப்பானில் வந்த முதல் ஆட்டங்களில் டிராகன் குடும்பம் ஒன்றே ஒன்று. டிராட்டினி 30-ஆம் லெவலில் டிராகனேராக மாறும். அது 55-ஆம் லெவலில் டிராகனைட் ஆகும். இவ்வளவு பாடுபட்டு வளர்த்தால், டிராகன் வகைத் தாக்குதல் என்று அதற்குக் கிடைத்தது டிராகன் ரேஜ் ஒன்றுதான். யாரை அடித்தாலும் நாற்பது புள்ளி, கூடாது, குறையாது. போதாததற்குப் பனித் தாக்குதல் பட்டால் நான்கு மடங்கு சேதம். ஆனாலும் அன்றைய ஆட்டக்காரர்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அஜிலிட்டியால் வேகத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டு ராப்பால் எதிரியைச் சுற்றி வளைப்பது. அந்தத் தலைமுறையின் விதிப்படி, சுற்றிய பிடி நீடிக்கும்வரை மாட்டியவர் அடிக்கவே முடியாது. நூற்றுக்கு எண்பத்தைந்து முறை படும் தாக்குதல் அது; தப்பிப்போகும் மிச்சப் பதினைந்தில்தான் எதிரிக்கு மூச்சு. நோஞ்சான் அடிகளால் மெல்ல மெல்லக் கொல்கிற இந்தப் பாணியைப் பார்க்கச் சகிக்காது. ஆனாலும் டர்ன்தான் செல்வம் என்பதை முதலில் புரிந்துகொண்டவர்கள் அவர்கள்தான். 1999-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் விதி மாறியது. பாணியும் அத்தோடு செத்தது.

அடுத்தது நடனப் பாணி. 2002-இல் ரூபி, சஃபையருடன் டிராகன் டான்ஸ் வந்தது. ஒரு டர்ன் ஆடினால் தாக்கும் பலமும் வேகமும் ஒன்றரை மடங்கு. அதே ஆட்டங்களில் அறிமுகமான சாலமென்ஸ் இறங்கும்போதே எதிரியை மிரட்டித் தாக்கும் பலத்தைக் குறைத்துவிடும். எதிரி திணறும் அந்த டர்னில் இது ஆடிவிடும். ஒரு வேடிக்கை: அன்று டிராகன் வகைத் தாக்குதல்கள் எல்லாம் சிறப்புத் தாக்குதல் கணக்கில் சேர்ந்தவை. டான்ஸ் கூட்டுவதோ உடல் பலத்தை. அதனால் டிராகன் டான்ஸ் ஆடிய டிராகன், டிராகன் தாக்குதலை விட்டுவிட்டு நிலநடுக்கத்தையும் பாறைச் சரிவையும் நம்பி வாழ்ந்தது. 2006-இல் நான்காம் தலைமுறை அந்தக் கணக்கைத் திருத்தியது. அவுட்ரேஜ் உடல் பலத்தின் கீழ் வந்தது, அதன் வலிமையும் 120 ஆனது. இரண்டு மூன்று டர்ன் வெறிபிடித்து அடிக்கும், நடுவில் நிறுத்த முடியாது, முடிந்ததும் தலைசுற்றல். அந்தக் காலத்தில் அந்த அடியை அரைகுறையாகவாவது தாங்கக்கூடிய வகை எஃகு மட்டும்தான்.

நான்காம் தலைமுறையின் ராஜா கார்ச்சாம்ப். டிராகனும் நிலமும் கலந்த மிருகம். அதன் வேகம் 102. அந்த 102-இல் உள்ள இரண்டைக் கவனியுங்கள். சாலமென்ஸ் உள்ளிட்ட எத்தனையோ பெருந்தலைகள் நின்ற இடம் சரியாக 100. லெவல் 50-இல் இருவரையும் முழு வேகத்துக்குப் பழக்கினால் கார்ச்சாம்ப் 169, சாலமென்ஸ் 167. அந்த இரண்டு புள்ளி இருந்தால் முதல் அடி உன்னுடையது. டிராகனுக்கு டிராகன் அடி இரட்டிப்பு என்பதால் பல சமயம் அதுவே கடைசி அடி. போதாக்குறைக்கு மணற்புயலில் எதிரியின் அடியைத் தப்பவைக்கும் சேண்ட் வெயில் திறன், ஒரு பனி அடியைப் பாதியாக்கும் யாச்சே பழம், தாக்கும் பலத்தை இரட்டிப்பாக்கும் வாள் நடனம். போட்டி ஆட்டத்துக்கு வரையறைகள் வகுக்கும் ஸ்மோகன் அமைப்பு கார்ச்சாம்பைப் பொதுக் களத்திலிருந்து விலக்கி, கட்டுக்கடங்காத உபெர் வரிசையில் வைத்தது. பின்னால் சாலமென்ஸும் அதே வரிசைக்குப் போனது. கார்ச்சாம்பைப் பொறுத்தவரை அது சரியான தீர்ப்பு என்பேன், அதன் பலத்துக்காக அல்ல. அடி தவறுவதை நம்பி டர்ன் வாங்குவது திறமை ஆகாது என்பதற்காக. ஐந்தாம் தலைமுறையில் அந்தத் திறனையே தடைசெய்து மிருகத்தைத் திரும்ப விட்டார்கள். முதலிலேயே அப்படிச் செய்திருக்கலாம்.

மூன்றாவது, அடித்துவிட்டு ஓடும் பாணி. டிரேக்கோ மீட்டியர் 2006-இல் 140 வலிமையோடு வந்தது. 2013-இல் 130 ஆகக் குறைத்தார்கள். ஒருமுறை விட்டால் விட்டவரின் சிறப்புத் தாக்குதல் பலமே பாதியாகிவிடும். ஆகவே விடு, வெளியேறு, மறுபடி வந்து விடு. லேட்டியோஸும் பிறகு ஹைட்ரைகனும் இதில் பேர்போனவை. இவர்கள் டர்னை இலவசமாகக் கேட்பதில்லை. எதிரி யாரை இறக்குவான் என்று ஊகித்து விலைகொடுத்து வாங்குகிறார்கள். ஊகம் பிசகினால் எதிரில் எஃகு வந்து நிற்கும்.

அங்கேதான், என் கணிப்பில், இந்த மரபின் மிக அழகான சிந்தனை பிறந்தது: டிராக்மேக். அணியில் இரண்டு, மூன்று, சிலர் நான்கு டிராகன்களைக்கூட வைத்துக்கொண்டு கூடவே ஒரு மேக்னசோனையும் சேர்ப்பார்கள். மேக்னசோனின் காந்த இழுப்பில் சிக்கிய எஃகு மிருகம் களத்தைவிட்டு வெளியேற முடியாது. முதல் டிராகன் கண்ணை மூடிக்கொண்டு அவுட்ரேஜ் விடும். எதிரி அதைத் தடுக்கத் தன் எஃகை இறக்குவான். டிராகன் விழும், மேக்னசோன் வந்து எஃகைப் பூட்டி முடித்துவிடும். பிறகு இரண்டாவது டிராகனுக்கு யார் தடை? முதலாவதின் சாவு வீணில்லை. அது இரண்டாவதுக்கு டர்ன் வாங்கிய விலை. எதிரிக்கு இந்தத் திட்டம் முழுக்கத் தெரிந்திருந்தும் தப்ப வழியிருக்காது என்பதுதான் இதன் நேர்த்தி.

இத்தனை டிராகன்களுக்கும் கடிவாளம் போட்டது 2013 அக்டோபரில் எக்ஸ், ஒய் கொண்டுவந்த ஃபேரி வகை. டிராகன் அடி ஃபேரியை ஒன்றும் செய்யாது. ஃபேரி அடி டிராகனுக்கு இரட்டிப்பு. காந்தம் இழுக்கப் பெரும்பாலான ஃபேரிகளிடம் எஃகும் இல்லை. டிராக்மேக் பழங்கதையானது. அவுட்ரேஜைத் தொடங்கி மாட்டிக்கொண்ட டிராகனுக்கு எதிரே ஃபேரி வந்து நின்றால் அந்த டர்ன்கள் எல்லாம் எதிரிக்கே போய்விடும். பழைய ஆட்டக்காரர்கள் இதை அநியாயம் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பூங்கொத்துபோல இருக்கும் ஒன்றுக்குப் பயந்து டிராகன் நின்று யோசிக்கத் தொடங்கிய பிறகே அதன் ஆட்டத்தில் நயம் வந்தது.

காவல் பாணி அந்த நயத்தின் விளைவு. கார்ச்சாம்பின் ரஃப் ஸ்கின், தொட்டு அடித்தவரின் உயிரில் எட்டில் ஒரு பங்கைத் திருப்பி எடுக்கும்; ராக்கி ஹெல்மெட் அணிந்தால் மேலும் ஆறில் ஒன்று. கூட்டிப் பார்த்தால் ஒரு தொடுதலுக்கு இருபத்தொன்பது சதவீதம். இப்படி நிற்கும் கார்ச்சாம்ப் யாரையும் துரத்துவதில்லை. ஸ்டெல்த் ராக் என்ற கூரிய கற்களை எதிரியின் பக்கம் காற்றில் மிதக்கவிட்டு, டிராகன் டெயிலால் ஒவ்வொருவரையும் வெளியே தள்ளி, புதிதாக வருகிறவரைக் கற்களுக்கு நடுவே இறங்கவைக்கும். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்த நம் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏர் பிளாஸ்டில் பாறை வெடித்துச் சிதறும் தளத்துக்கு ஒவ்வொரு ஷிஃப்டிலும் இறங்கியவர்கள் அவர்கள்.

பறக்கும் டிராகன்களுக்கு இந்தக் கற்கள்தான் எமன். சாலமென்ஸோ டிராகனைட்டோ ஒருமுறை இறங்கினாலே கால்வாசி உயிர் போய்விடும். கார்ச்சாம்புக்குப் பதினாறில் ஒரு பங்குதான். டிராகனைட்டுக்கு நட்டம் இன்னும் அதிகம். 2010-இல் வந்த ஐந்தாம் தலைமுறை அதற்குத் தந்த மல்ட்டிஸ்கேல் என்ற திறன், உயிர் முழுதாக இருக்கும்வரை வரும் அடியைப் பாதியாக்கும். நான்கு மடங்கான பனி அடியே இரண்டு மடங்காக இறங்கிவிடும். ஒரு டர்ன் வாங்க இதைவிட நல்ல கருவி கிடையாது. கல் குத்தினால் அது போச்சு. 2019-இல் வந்த ஹெவி டியூட்டி பூட்ஸ் கால்களைக் காத்த பிறகுதான் டிராகனைட் பழையபடி தலைநிமிர்ந்தது. 2022-இல் வந்த டெரஸ்டல் முறையில் நார்மல் வகைக்கு மாறி எக்ஸ்ட்ரீம் ஸ்பீட் விடுவது இன்னொரு உயர்வு. எதிரி எவ்வளவு வேகமானாலும் அநேகமாக இந்த அடி முந்திக்கொள்ளும். 2000-இல் வந்த கிரிஸ்டலில், டிராகன் குகையில் இருக்கும் முதியவரின் கேள்விகளுக்குப் பண்போடு பதில் சொன்னவருக்கு அவர் தரும் டிராட்டினி இந்த அடியைக் கற்றிருக்கும்.

இனி டிராகனைட்டை எடைபோடும் அளவுகோல். லெவல் 50-இல் பலத்தைக் கூட்டும் அடமண்ட் குணமா, வேகத்தைக் கூட்டும் ஜாலி குணமா என்று இன்றும் சண்டை நடக்கிறது. அடமண்ட் என்றால் தாக்கும் பலம் 204, ஒரு டான்ஸுக்குப் பின் வேகம் 198. ஜாலி என்றால் பலம் 186, வேகம் 217. நடுவில் நிற்பது டிராகபல்ட் என்ற இன்னொரு டிராகனின் முழு வேகம்: 213. டான்ஸ் ஆடிய பிறகும் அதைவிட மெதுவாக இருப்பவன் வாங்கிய டர்னைத் தெருவில் கொட்டுகிறான் என்பது ஜாலிக்காரர்கள் கட்சி. வேகத்துக்குத்தான் எக்ஸ்ட்ரீம் ஸ்பீட் இருக்கிறதே, பலத்தைக் கூட்டு என்பது அடமண்ட் கட்சி. ஆனால் டிராகபல்ட் பாதி பேய். நார்மல் அடி பேயைத் தொடாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் ஜாலி பக்கம்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒற்றைக்கு ஒற்றை ஆட்டம். போகிமான் நிறுவனம் நடத்தும் உலகப் போட்டி இரட்டையர் முறை: ஆறைக் காட்டி நான்கை எடுத்து, இரண்டிரண்டாக இறக்க வேண்டும். இங்கே டான்ஸ் ஆட நேரமே கிடைக்காது; இரண்டு பேர் சேர்ந்து அடித்தால் மல்ட்டிஸ்கேலின் காவல் ஓர் அடியோடு முடிந்துவிடும். டிராகனுக்கு டர்ன் வாங்கித் தருவது பக்கத்தில் நிற்பவரின் வேலை. 2014-இல் வாஷிங்டனில் தென்கொரியாவின் சேஜுன் பார்க் உலகப் பட்டம் வென்றபோது அவர் அணியில் கார்ச்சாம்ப் இருந்தது, ஆனால் பேசப்பட்டது பச்சிரிசு என்ற சிறு அணில். வரும் அடிகளைத் தன்மேல் இழுத்துக்கொண்டு பெரியவர்களை அடிக்கவிட்ட அணில் அது. 2016-இல் வோல்ஃப் கிளிக் வென்ற அணியில் ரேக்வாசா இருந்தது. டிராகனைட்டைப் பொறுத்தவரை, எதிரியின் தற்காப்பைக் குறைக்கும் சியன்-பாவோவின் அருகே நின்று எக்ஸ்ட்ரீம் ஸ்பீட் விடும் முறை 2023-இல் பரவியது. அடி பலமானது, பாணி என்று சொல்லும் அளவு அதில் சிந்தனை இல்லை.

போகிமான் கோ பற்றிச் சுருக்கமாக. 2016 டிசம்பரில் அது அதிகாரபூர்வமாக இந்தியா வந்தது. அங்கே மதிப்பு தலைகீழ். 1500 புள்ளி வரம்புள்ள கிரேட் லீகில், 125 மிட்டாய் சேர்த்து வளர்த்த டிராகனைட்டைவிட ஆல்டேரியா என்ற பஞ்சுமேக டிராகன்தான் பெரிய ஆள். புள்ளிக் கணக்கில் தாக்கும் பலத்துக்கு எடை அதிகம் என்பதால், பலம் குறைந்து தாங்கும் சக்தி கூடியதற்கு அந்த வரம்புக்குள் கூடுதல் இடம் கிடைக்கிறது. சேமித்த ஒரே ஓர் அடிக்காக எதிரி தன் இரண்டு கேடயங்களில் ஒன்றை இழக்கும் களம் அது. அங்கேயும் கடைசியில் டர்ன் எண்ணுகிறவனே ஜெயிக்கிறான். 2024-இல் ஹொனலுலுவில் நடந்த உலகப் போட்டியின் இந்தப் பிரிவில் இந்திய ஆட்டக்காரர் ஒருவர் இறுதிச் சுற்றுவரை போனார்.

ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ இதைப் படித்துவிட்டு ஆட உட்காரும் தம்பிக்கும் தங்கச்சிக்கும்: டிராகனைட்டில் தொடங்குங்கள். பூட்ஸ், மல்ட்டிஸ்கேல், ஜாலி. டிராகன் டான்ஸ், எக்ஸ்ட்ரீம் ஸ்பீட், எர்த்க்வேக், ரூஸ்ட். எதிரியிடம் பேயும் பனியும் யார் யார் என்று முதல் திரையிலேயே எண்ணிவிட்டு, அவர்கள் விழும்வரை அதை உள்ளேயே வைத்திருங்கள். முதல் டர்னில் டிராகனை இறக்காதீர்கள்.