காதுக்குப் பின்னால் என்ன கேட்கிறது?

ஹோம் தியேட்டர் விற்கும் கடைக்குள் நுழைந்தால் முதலில் வரவேற்பது வெடிச்சத்தம்தான். கார் உருளும், கட்டடம் சரியும், சப்வூஃபர் உறுமும், வாங்க வந்தவரின் சட்டைப் பொத்தான்வரை அதிரும். "எஃபெக்ட் எப்படி சார்?" என்பார் விற்பனையாளர். பிரமாதம்தான். ஆனால் அந்த இரைச்சலில் பின்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டும் வேலை செய்தனவா என்று கேட்டால் விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்தபின் சோதிக்க வேறு மாதிரிப் படங்கள் வேண்டும். இந்த விமர்சனத்துக்கான சோதனை நடந்த இடம் 14-க்கு 11 அடி கூடம். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இரண்டு, கூரையில் இரண்டு, மூலையில் ஒரு சப்வூஃபர், அதாவது 5.1.2. சோபா வழக்கம்போலச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அதை இரண்டடி முன்னால் இழுத்துப் போட்டதுதான் அன்றைய மிகப் பெரிய முன்னேற்றம். காலணா செலவில்லை.

முதலில் போட்டது 1979-இல் வந்த 'அபோகலிப்ஸ் நவ்'. தொடக்கக் காட்சியில் ஹெலிகாப்டரின் இறக்கைச் சத்தம் அறையைச் சுற்றிச் சுற்றி வரும். சைகோன் ஓட்டல் அறையில் சுழலும் மின்விசிறியோடு அது ஒன்றாகிவிடும். பின்பக்கத்தின் இடது, வலதைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கவைக்கும் வழி அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. படத்தின் ஒலி வடிவமைப்பாளர் வால்டர் மர்ச் அதை வைத்து விளையாடியிருக்கிறார். இன்றைக்கும் ஒயர் சரிபார்க்க இதைவிட நல்ல கருவி கிடையாது. சத்தம் எந்த மூலையில் தேய்ந்து மறைகிறதோ அந்த ஸ்பீக்கரில் கோளாறு. இடம் வலமாகத் தாவினால் ஒயர் மாறியிருக்கிறது. அன்று வலது பின்பக்கம் வந்ததும் ஹெலிகாப்டர் காணாமல் போனது. தளர்ந்திருந்த ஒயரை இறுக்கிச் சொருகியதும் வட்டம் முழுமையானது.

அடுத்தது 'மாஸ்டர் அண்ட் கமாண்டர்' (2003). ஒலித் தொகுப்புக்காக ரிச்சர்ட் கிங்குக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த படம். பீரங்கிகளுக்காகவே இதைப் போடுகிறவர்கள் அதிகம். ஆனால் குண்டு பாயும் முன்பு வரும் சில நிமிடங்கள்தான் உண்மையான பரீட்சை. கப்பல் தூங்குகிறது. மரப்பலகை முனகுகிறது, கயிறு இழுபட்டுக் கிறீச்சிடுகிறது, எங்கோ அடியில் தண்ணீர் மோதுகிறது. தனியாக எந்த ஒலியும் கவனத்தை இழுக்காது. ஆனால் அறை மெல்ல அசைவதுபோல ஒரு பிரமை வரும். வராவிட்டால் பக்கவாட்டு ஸ்பீக்கர்களின் ஒலியளவு குறைவு என்று அர்த்தம். பிறகு பனிமூட்டத்துக்குள் ஓர் ஒளி மின்னும். அதற்குப் பின் வருவதைக் கேட்கப் பக்கத்து வீட்டுக்காரரோடு சுமுகமாக இருப்பது நல்லது.

கப்பலைவிட ருசியான சோதனை இயக்குநர் அல்ஃபோன்சோ குவாரோனின் இரண்டு படங்களில் இருக்கிறது. இரண்டின் ஒலிக்கலவையிலும் ஸ்கிப் லீவ்சேயின் கை உண்டு. பொதுவாகப் படங்களில் வசனம் நடு ஸ்பீக்கரை விட்டு நகராது. 'கிராவிட்டி' (2013) அந்த வழக்கத்தை மீறுகிறது. விண்வெளி வீரர் திரையை விட்டு மிதந்து போனால் அவர் குரலும் சுவரோரமாகப் போகும், தலைக்குப் பின்னால் வந்து பேசும். விண்கலம் சிதறும் சத்தமோ கேட்காது; காற்றில்லாத இடத்தில் சத்தம் ஏது? கையுறை தொடும் பொருளின் அதிர்வு மட்டும் மந்தமாக உடம்பில் ஏறும். குரல் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் நகரும்போது அதன் நிறம் மாறினால் செட்டில் உள்ள ஸ்பீக்கர்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. மலிவு விலை செட்டுகள் பலவும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

'ரோமா' (2018) கறுப்பு வெள்ளை. பின்னணி இசையே கிடையாது. வீட்டு வேலை செய்யும் பெண்ணைப் பற்றிய படத்தை வைத்து, கூரையிலிருந்தும் ஒலிக்கும் டால்பி அட்மாஸ் முறையைச் சோதிப்பதா என்று தோன்றும். எழுபதுகளின் மெக்சிகோ நகரத் தெரு அப்படியே கூடத்துக்குள் நுழையும்: கத்தி சாணை பிடிப்பவரின் குழல், நாய்க்குரைப்பு, அடுத்த தெருவில் போகும் ஊர்வலத்தின் வாத்தியம். கேமரா திரும்பினால் ஒலியும் கூடவே திரும்பும். கடற்கரைக் காட்சியில் அலை முன்னிருந்து எழுந்து, தலைக்கு மேல் ஏறி, முதுகுக்குப் பின்னால் உடையும். அன்று கூரை ஸ்பீக்கர்களுக்குக் கொடுத்த காசு செரித்தது இந்தக் காட்சியில்தான்.

தமிழிலும் இந்த ஆட்டம் புதிதல்ல. 1995-இலேயே 'குருதிப்புனல்' டால்பி சரவுண்டில் வந்தது. 'விஸ்வரூபம்' (2013) ஆரோ 3டி ஒலியோடு வெளியானது. ஆனால் சோதனைக்கு எடுக்கவேண்டியது பார்த்திபனின் 'ஒத்த செருப்பு சைஸ் 7' (2019). திரையில் ஒரே மனிதர். விசாரிக்கும் போலீசார் உட்பட மற்ற எல்லோரும் வெறும் குரல்கள். இதன் ஒலிக்கலவைக்காக ரசூல் பூக்குட்டிக்குத் தேசிய விருது கிடைத்தது. காதால் பார்க்கவேண்டிய படம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

அட்மாஸ் முத்திரை இருந்தால்தான் நல்ல ஒலி என்பதும் இல்லை. 'டன்கர்க்' (2017) வட்டில் இருப்பது வெறும் 5.1. அதில் குண்டுவீச்சு விமானம் ஊளையிட்டுக்கொண்டு பாயும்போது தலை தானாகவே குனிகிறது. ஒலித் தொகுப்பு யார் என்று பார்த்தால், மறுபடியும் ரிச்சர்ட் கிங்.

ஓடிடியில் பார்ப்பவர்கள் ரிசீவரின் சின்னத் திரையை ஒருமுறை எட்டிப் பார்க்கவேண்டும். அட்மாஸ் என்று வந்தால் சரி. 'டால்பி சரவுண்ட்' என்று வந்தால் மகிழ வேண்டாம்; பெரும்பாலும் அது இரண்டு சேனல் ஸ்டீரியோவை ரிசீவரே நீட்டி விரித்துக் காட்டும் வித்தை. பழைய ஆப்டிகல் கேபிளில் அட்மாஸ் போகாது, ஹெச்டிஎம்ஐ வேண்டும். நெட்ஃபிளிக்ஸின் அட்மாஸ் ஒலிக்கு உச்சவரம்பு விநாடிக்கு 768 கிலோபிட்; புளூரே வட்டில் பல ஆயிரம். வித்தியாசம் வெடிச்சத்தத்தில் தெரியாது, மழைத்தூறலில் தெரியும்.

சோதனையின் கடைசி இடையூறு எந்தப் பெட்டியிலும் இல்லை, கூரையில் இருந்தது. 'ரோமா'வின் தெருவையும் கப்பலின் முனகலையும் பாதிக்குமேல் விழுங்கியது, தலைக்கு மேலே ஓடிய மின்விசிறி. அணைத்ததும் காணாமல் போன ஒலிகள் எல்லாம் திரும்பி வந்தன. பார்த்துக்கொண்டிருந்த நான்கு பேரில் இருவர் இருபது நிமிடத்தில் எழுந்துபோய் மறுபடியும் சுவிட்சைப் போட்டார்கள்.