எல்லைப்புறக் கோயில்களின் கட்டடச் சொற்கள்: மொழிபெயர்ப்பு நோக்கில் ஒரு மதிப்பீடு

நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரக் கோயில்களைக் காணவரும் தமிழர்க்கென எழுதப்படும் அறிமுகக் குறிப்புகளில் மலையாளக் கட்டடச் சொற்களுக்குப் பழகிய தமிழ்ச் சொற்களைப் பெய்யும் போக்கு காணப்படுகிறது. படிப்போர்க்கு இஃது எளிமை தரினும் கட்டடத்தின் அமைப்பை மறைத்துவிடுகிறது.

‘ஸ்ரீகோவில்’ என்பதைக் ‘கருவறை’ எனப் பெயர்ப்பது முதற்சான்று. கேரள மரபில் ஸ்ரீகோவில் தனித்து நிற்கும் முழுக் கட்டடம். அதிட்டானம், சுவர், சரிந்த கூரை, கலசம் யாவும் அதில் அடங்கும். கருவறையோ அதன் உள்ளறை மட்டுமே. தஞ்சைக் கல்வெட்டுகள் கூறும் ‘ஸ்ரீவிமானம்’ இதற்கு நெருங்கிய சொல். எனினும், இன்றைய பொதுவழக்கில் விமானம் கருவறைமேல் எழும் பகுதியையே பெரிதும் சுட்டுதலால் விளக்கம் இன்றியமையாதது.

‘நாலம்பலம்’ என்பது ‘பிரகாரம்’ ஆவதும் இத்தகையதே. பிரகாரம் என்றவுடன் தமிழர் வலம்வரும் வெளியை நினைப்பர். நாலம்பலமோ ஸ்ரீகோவிலையும் அதன் முற்றத்தையும் நாற்புறமும் சூழ்ந்த கூரையுடைய கட்டடம். இதற்குத் தஞ்சைக் கல்வெட்டின் ‘திருச்சுற்றுமாளிகை’ ஓரளவு பொருந்தும்.

உருவொற்றுமை தரும் இடர் இதனினும் பெரிது. மலையாளத்தில் ‘அம்பலம்’ கோயிலைக் குறிக்கும்; தமிழில் அது மன்றம், பொதுவிடம். ‘வலிய பலிக்கல்’ என்பதிலுள்ள ‘வலிய’ பெருமையைக் குறிப்பது, வலிமையை அன்று. ‘பள்ளி’ ஆங்குத் தேவாலயத்தையும் மசூதியையும் சுட்ட, ஈங்குக் கல்விக்கூடமாகிறது.

இரு மொழிக்கும் வேர் ஒன்றே என்பது இம்மாற்றீடுகளுக்குக் காட்டப்படத்தக்க நியாயம். அவ்வுறவு மெய்யே. முஞ்சிறைச் சபையாரிடம் நிலம் பெற்று ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் திருமால் கோயில் எடுத்ததையும், 95 சட்டர்க்குச் சாலை அமைத்ததையும் கூறும் கி.பி. 866ஆம் ஆண்டுச் செப்பேடு தமிழிலேயே அமைந்தது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லை புதிது, சொல்லுறவு பழைது. ஆயினும், வேர் ஒன்றாதல் பொருள் ஒன்றாதற்குச் சான்றாகாது.

பிழையின் விளைவு சொல்லளவில் நிற்பதில்லை. தமிழ்க் கலைச்சொற்களை அளவுகோலாகக் கொண்டு செல்பவர் வானளாவிய கோபுரத்தைத் தேடி, அதனைக் காணாது, ‘எளிய கோயில்’ என முடிவு கட்டுவர். மிகுமழைக்கு ஏற்பச் சரிந்த கூரையும், அதனைத் தாங்கும் மரவேலைப்பாடும் அவர்தம் கண்ணுக்குக் கலையாகத் தோன்றா. எனவே ஸ்ரீகோவில், நாலம்பலம் முதலியவற்றை மூலவடிவில் நிறுத்தி, முதல் வருகையில் அமைப்பையும் பயனையும் ஒரு தொடரால் விளக்குதலே தக்க நெறி. அவ்வாறு செய்யின் சொல் கட்டடத்தைக் காட்டும். கட்டடமும் சொல்லைக் கற்பிக்கும்.