தண்ணீர்ப் பந்தலும் தன்சலும்

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகிற வழியில் இருக்கிறது இடைசெவல். எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் 1923-இல் பிறந்த ஊர். சுற்றிலும் கரிசல், மானாவாரி வெள்ளாமை. கிணறு வெட்டினால் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான் ஊறும். கோவில்பட்டிக்கே சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வந்தாக வேண்டும். குழாய் வராத காலத்தில் இந்தப் பக்கம் வழிப்போக்கருக்கு ஒரு செம்பு நல்ல தண்ணீர் கொடுத்த பெண், தான் குடம் சுமந்து நடந்த நடையில் ஒரு பங்கைக் கொடுத்தாள். அநாதைச் சிறுவனைக் குளிப்பாட்டி உடுத்தத் துணியும் கொடுக்கிற ஏழைத் தாயை அழகிரிசாமி 'ராஜா வந்திருக்கிறார்' கதையில் எழுதியது இந்த மண்ணை அறிந்துதான்.

பங்குனியில் கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் தேரோடும்போது நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். மணலைக் குவித்து நனைத்து, அதன்மேல் பானையை வைத்து, வாய்க்கு ஈரத்துணி கட்டிய பந்தலில் பானகம் குடித்தால் சுக்கின் காரம் தொண்டையில் நிற்கும். வெயிலில் வந்த அலுப்பு தீரும்.

யாழ்ப்பாணத்திலும் வற்றாத ஆறு கிடையாது, கிணற்றை நம்பிய வாழ்வுதான். நல்லூர்க் கந்தன் திருவிழா 25 நாளும் வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல். தாகசாந்தி நிலையம் என்றும் சொல்வார்கள். சர்க்கரைத் தண்ணீர், சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்ட மோர், உப்பில் ஊறிய தேசிக்காயை (எலுமிச்சை) கரைத்த ஊறுகாய்த் தண்ணீர். நம் ஊர்ப் பந்தல்களில் நான் காணாதது இந்த ஊறுகாய்த் தண்ணீர். வியர்த்துக் களைத்த உடம்புக்கு அதைவிட நல்லது வேறில்லை.

சிங்களவர் புத்தரின் திருநாளான வெசாக்குக்கு வைக்கும் தன்சல் என்னும் இலவச உணவுப் பந்தல் இன்னும் பெரிது. நமக்குக் கத்திரி வெயில் கொளுத்துகிற அதே மே மாதம். தெருப் பையன்கள் கொடியசைத்து வண்டியை மறித்து, சோறோ கடலையோ ஐஸ்கிரீமோ கொடுத்துத்தான் விடுவார்கள். இன்ன மதத்தவரா என்று யாரும் கேட்பதில்லை. தன்சல் வைப்பவர்கள் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து தண்ணீரையும் உணவையும் பார்ப்பார். இந்த ஒழுங்கை நாம் அங்கிருந்து கற்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கோடை பிறந்ததும் கட்சிக்கொரு பந்தல் திறக்கிறார்கள். திறப்பு நாளில் தர்ப்பூசணி, இளநீர், கூட்டம். பல இடங்களில் ஒரு வாரம் கழித்துப் போனால் பானை காய்ந்து கிடக்கிறது, தலைவர் படம் மட்டும் நிற்கிறது. நாயன்மாரில் ஒருவரான அப்பூதியடிகள் திங்களூரில் வைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் ஒரு பெயர் இருந்தது. அது அவர் அதுவரை கண்ணால் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயர். பெயர் எழுதுவது குற்றமில்லை; பானையை வற்றவிடுவதுதான் குற்றம்.

வெசாக் தன்சல் ஓரிரு நாளில் முடிந்துவிடும், நல்லூர்ப் பந்தல் திருவிழாவோடு பிரிந்துவிடும். கரிசல் வெயிலோ மூன்று மாதம் காயும். இந்தக் கோடையில் உங்கள் வாசலில் ஒரு பானை வையுங்கள். தினமும் கழுவி நிரப்பி மூடுங்கள். பக்கத்தில் மொள்ளுவதற்குப் பிடி வைத்த குவளை இருக்கட்டும். ஆனி பிறக்கும்வரை எடுக்காதீர்கள்.